கோடிட்ட இடத்தில் அப்பாவின் பெயர்

அத்தியாயம் 14

போன வாரம் அம்சம் கோர்ட் நோட்டீசைக் கையில் வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் நின்றாள். அங்கேயே நிறுத்திவிட்டேன். "ஒரு காகிதத்தைப் பிரித்துப் படிக்க ஒரு வாரமா?" என்று கோபித்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். கோபம் நியாயம்தான். ஆனால் அந்தப் பெண்ணுக்கு மட்டும் படிக்க ஆசையா என்ன? தாளைத் தொட்டதுமே அதை மடித்து வைத்துவிடத்தான் அவளுக்குத் தோன்றியது. ஏன் என்று இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு நாலு வரி. கீழவிளாகம் மருதையன் இருபது வருஷம் பெரிய வீட்டில் பண்ணையாளாகக் கிடந்தவர். பிறகு அதே வீட்டு இராஜாங்கத்தின் நிலத்தில் ஆறு மா, அதாவது ரெண்டு ஏக்கர், குத்தகைக்கு எடுத்து உழுகிறார். மனைவி ரெங்கம்மாள். மூத்தவள் அம்சம், எஸ்.எஸ்.எல்.சி. முடித்து டைப்ரைட்டிங் ஹையரும் பாஸ் பண்ணிவிட்டு, திருவாரூரில் வக்கீல் குஞ்சிதபாதத்திடம் டைப்பிஸ்ட்டாக இருக்கிறாள். இளையவன் செல்லதுரைக்கு விவசாயத் தொழிலாளர் சங்கம்தான் மூச்சு. நடப்பது எழுபத்து மூன்றாம் வருஷத் தை மாதம். சம்பா பழுத்துத் தலை சாய்ந்து நிற்கிறது. இராஜாங்கம் நிலத்தைத் திருப்பிக் கேட்டு கோர்ட்டுக்குப் போய்விட்டார்.

புதன்கிழமை காலை. ஏழே முக்கால் பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி இருந்தது.

"படி ஆயி," என்றார் மருதையன். "எம்மா நேரம் அதையே பாத்துக்கிட்டு நிப்ப?"

நாலு தாள். மேல் தாளில் ரெவின்யூ கோர்ட் முத்திரை. அடியில் மூன்று தாள் மனு நகல். எல்லாம் இங்கிலீஷ். ஆட்சி மாறி ஆறு வருஷம் ஆகிறது. ஆபீஸ் வாசல்களில் தமிழ் வாழ்க என்று ஆளுயரத்துக்கு எழுதிப் போட்டாயிற்று. உள்ளேயிருந்து ஏழை கைக்கு வருகிற காகிதம் மட்டும் இன்னும் இங்கிலீஷில்தான் வருகிறது. நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது, விடுங்கள்.

அம்சம் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள்.

"மேற்படி நிலம் மனுதாரர் வசம் ஒப்படைக்கப்பட வேண்டும்."

"யாரு ஒப்படைக்கணும்?"

"நீங்கதாம்பா."

"அப்படின்னா போட்டிருக்கு?"

"இல்லப்பா. ஒப்படைக்கப்பட வேண்டும்னு மட்டும்தான் போட்டிருக்கு."

"சரி, மேல சொல்லு."

"விசாரணை முடியிற வரைக்கும் பயிர் அறுக்கப்படக் கூடாது."

செல்லதுரை கதவோரம் நின்று துண்டை உதறினான். "யாருமே அறுக்கக் கூடாதா, இல்ல நாம மட்டும் அறுக்கக் கூடாதா?"

"அதுவும் போடலடா."

"அதை மட்டும் எப்படிப் போடுவானுவோ! நீ படி."

"எதிர்மனுதாரர் குத்தகைதாரர் அல்ல. கூலிக்கு வேலை பார்த்தவர். குத்தகைக்கு ஆதாரம் ஏதும் இருந்தா வர்ற வெள்ளிக்கிழமை கோர்ட்டுல தாக்கல் செய்யப்படலாம். இல்லாட்டி..." அம்சம் அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினாள். "இல்லாட்டி அவர் வெளியேற்றப்படலாம்."

"யாரு வெளியேத்துவாங்க? ராஜாங்கம் ஐயாவா, போலீசா?"

"தெரியலப்பா."

மருதையன் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாப்பது வருஷமா என்னைத் திட்டுன ஆளெல்லாம் மூஞ்சியப் பாத்துத்தான் திட்டுனான். இது யாரு திட்டுறான்னே தெரியலையே," என்றார்.

அம்சத்துக்குத் தெரியும்.

மூன்றாம் தாளின் கடைசி வரி அவளுடைய வரி. கார்த்திகை மாதம் வக்கீல் சொல்லச் சொல்ல அவள் டைப் அடித்த மனு அது. அவர் அந்த இடத்தில் 'துரத்தப்பட வேண்டும்' என்கிற மாதிரி ஒரு முரட்டு இங்கிலீஷ் சொன்னார். அவள்தான் தயங்கித் தயங்கி, "சார், 'மே பி எவிக்டட்'னு போடலாமா?" என்று கேட்டாள். வெளியேற்றப்படலாம். "வெரி குட். தட் சவுண்ட்ஸ் டீசன்ட்," என்று மெச்சிக்கொண்டார். ஒரு வாரம் அந்தச் சந்தோஷத்திலேயே பஸ் ஏறி இறங்கினாள், பாவி.

யாருடைய மனு என்று கேட்கவில்லையா என்றால், கேட்க வழியில்லை. அந்த ஆபீசில் எல்லாவற்றுக்கும் நமூனா உண்டு. ஒரே மாதிரி வழக்குக்கு ஒரே மாதிரி மனு. பெயர் வருகிற இடம், ஊர் வருகிற இடம், சர்வே நம்பர் வருகிற இடம் எல்லாம் வெறும் கோடு. கார்பன் வைத்து அடித்துக் கொடுத்துவிட்டால் குமாஸ்தா பேனாவால் நிரப்பிக்கொள்வார். கார்த்திகையில் அவள் இந்த மனுவைப் பதினோரு பிரதி அடித்தாள். இப்போது அதில் ஒன்றின் கோட்டின் மேல் நீல மையில் மருதையன் என்று எழுதியிருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அம்சம் இந்த இங்கிலீஷை ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டவள். சின்ன வயசிலிருந்து அவள் காதில் விழுந்ததெல்லாம் "ஏய் அள்ளு", "டேய் தூக்கு", "போடி அந்தப் பக்கம்". வக்கீல் குஞ்சிதபாதம் ஒரு நாளும் அப்படிப் பேசியதில்லை. "திஸ் மே பி டைப்டு" என்பார். இது டைப் அடிக்கப்படலாம். "த விண்டோ கேன் பி ஓபன்டு" என்பார். ஜன்னல் திறக்கப்படலாம். யாரும் யாரையும் ஏவவில்லை, வேலை தானாக நடக்கிறது. முதல் மாதம் அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு முதுகு நிமிர்ந்தது.

பிறகு அது எங்கே பார்த்தாலும் கண்ணில் பட்டது. ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் காட்டப்பட வேண்டும். பாங்கியில் வரிசை கடைப்பிடிக்கப்பட வேண்டும். மருந்து பாட்டிலில் நன்றாகக் குலுக்கப்பட வேண்டும். எவ்வளவு மரியாதையான பாஷை என்று ரெங்கம்மாளிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்து போவாள். அந்த மரியாதை இப்போது அப்பாவின் ஆறு மாவைக் கேட்டு வாசலுக்கு வந்திருக்கிறது.

சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். வாயே வரவில்லை.

"ஆதாரம்தானே?" என்றான் செல்லதுரை. "சங்கத்துல மனுப் போட்டு, தாசில்தார் முத்திரையோட பதிவுச் சீட்டு வாங்கினோமே. மருதையன் குத்தகைதாரர்னு அதுலயே எழுதியிருக்குல்ல. அம்மா, அந்தத் தகரப் பெட்டிய எடு. அவனுவோ மூஞ்சியில வீசிட்டு வர்றேன்."

ரெங்கம்மாள் அசையவில்லை. புருஷனைப் பார்த்தாள்.

"அது பெட்டியில இல்ல," என்றார் மருதையன்.

"பின்ன?"

"பெரிய வீட்டுல இருக்கு."

செல்லதுரைக்குப் புரியவே இல்லை. "எந்தப் பெரிய வீட்டுல?"

"ராஜாங்கம் ஐயா வீட்டு இரும்புப் பெட்டியில. போன வருஷம் ஐப்பசி மழையில கூரை ஒழுவி எல்லாம் நனைஞ்சு போச்சுல்ல. சர்க்கார் காயிதம், நனையப் போவுதுன்னு குடுத்து வச்சேன்."

"அடப்பாவி அப்பா!"

"என்னடா பாவி? இந்தத் தெருவுல எல்லாருந்தான் குடுத்து வச்சிருக்கோம். உங்கம்மா தோடு அங்கதான் இருக்கு. உன் அக்கா பரிச்சை பாஸ் பண்ணின காயிதம்கூட வேலைக்குப் போற வரைக்கும் அங்கதான் இருந்துச்சு. நம்ம ஊர்ல மச்சு வீடு அது ஒண்ணுதான். கூரை வீட்டுல காயிதம் நிக்குமா? கரையான் விடுமா?"

இதைப் படித்துவிட்டு இப்படியும் ஒரு ஆள் இருப்பானா என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். நெருப்புக்கும் மழைக்கும் பயந்தே காலம் தள்ளுகிறவனுக்கு மச்சு வீடும் இரும்புப் பெட்டியும்தான் பத்திரம். அந்தப் பெட்டி யாருடையது என்று யோசிக்க அவனுக்கு எவன் சொல்லிக் கொடுத்தான்? இருந்தாலும் பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதைதான்.

"போய்க் கேட்டியா?"

"கோர்ட்டுன்னு காதுல விழுந்ததுமே நேத்து போய்க் கேட்டேன். 'பாத்துச் சொல்றேன் மருதையா'ன்னாரு."

செல்லதுரை சுவரில் செருகியிருந்த அரிவாளை உருவினான். ரெங்கம்மாள் "ஐயையோ!" என்று எழுந்துவிட்டாள்.

"பயப்படாத. ஆளை வெட்டப் போகல, கதிரை அறுக்கப் போறேன். சீட்டு போச்சுன்னா போவட்டும். நெல்லு நம்ம களத்துக்கு வந்துட்டா வயல் யாரு உழுதான்னு ஊருக்கே தெரியும். சங்கத்துல நாலு பேரைக் கூட்டிக்கிட்டு இன்னிக்கே அறுத்துடறேன்."

"அறுக்கக் கூடாதுன்னு போட்டிருக்குடா," என்றாள் அம்சம்.

"யாருன்னு போடலன்னு நீதானே சொன்னே?"

அவன் இறங்கிப் போய்விட்டான். மருதையன் கூப்பிட்டுப் பார்த்தார். அவன் திரும்பவில்லை.

தாசில்தார் ஆபீஸ் பதிவேட்டில் நகல் இருக்குமே என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. இருக்கும். மனுப் போட்டு நகல் வாங்க ஒரு மாசம் ஆகும். விசாரணைக்கு முன்னால் ஒரே ஒரு வியாழக்கிழமைதான் இருந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அம்சம் யோசித்தாள். மார்கழியில் ஒரு பை நிறைய நிலக் காகிதம் வக்கீல் ஆபீசுக்கு வந்தது, அது இராஜாங்கத்தினுடையது என்று இப்போதுதான் உறைத்தது. குமாஸ்தா அதைக் கட்டாகக் கட்டி சிவப்பு நாடா போட்டதை அவள் பார்த்திருக்கிறாள். பதிவுச் சீட்டும் அதோடு வந்திருந்தால்? எடுத்தால் திருட்டு. வேலை போகும். மாசம் நூற்றிருபது ரூபாயில்தான் வீட்டில் மண்ணெண்ணெயிலிருந்து மருந்துவரை ஓடுகிறது. எடுக்காவிட்டால் வெள்ளிக்கிழமை அப்பா வெறுங்கையோடு நிற்பார். வேலையா, நிலமா என்று அவள் யோசிக்கவே இல்லை என்று எழுத எனக்கு ஆசைதான். யோசித்தாள். குளிக்கரைப் பாலம் வரைக்கும் யோசித்தாள்.

ஆபீஸ் திறந்து கிடந்தது. குமாஸ்தா கோர்ட்டுக்குப் போயிருந்தார். வக்கீல் மாடியில் பூஜையில் இருந்தார், மணிச் சத்தம் கேட்டது. அம்சம் மெஷின் உறையைக்கூட எடுக்கவில்லை. நேரே அலமாரிக்குப் போனாள்.

மூன்றாம் தட்டில் அந்தக் கட்டு இருந்தது. நாடாவை அவிழ்த்தாள். பட்டா நகல்கள், பழைய நிலவரி கிஸ்து ரசீதுகள், பதினோரு மனுவின் கார்பன் நகல்கள். அதற்கும் அடியில் நாலாக மடித்த நாலு சீட்டுகள். மூன்றாவது சீட்டில் கீழவிளாகம் கிராமம், சாகுபடி செய்யும் குத்தகைதாரர் மருதையன், ஆறு மா என்று தமிழில், தாசில்தாரின் வட்ட முத்திரையோடு எழுதியிருந்தது. ஓரத்தில் மழை பட்ட கறை. இராஜாங்கம் எரித்துப் போட்டிருக்கலாம். சர்க்கார் முத்திரை என்பதால் அவருக்கும் பயம் போலிருக்கிறது.

"கேன் ஐ நோ வாட் இஸ் பீயிங் சர்ச்டு?"

என்ன தேடப்படுகிறது என்று கேட்டபடி வக்கீல் குஞ்சிதபாதம் படியில் நின்றுகொண்டிருந்தார். நெற்றியில் விபூதி ஈரம் காயவில்லை. குரலில் கோபம் இல்லை.

"எங்கப்பா சீட்டு சார்," என்றாள் அம்சம். சீட்டை விடவில்லை. "மருதையன்கிறவர் யாருன்னு தெரியுமா சார் உங்களுக்கு?"

"ரெஸ்பாண்டன்ட் நம்பர் செவன்." ஏழாம் எதிர்மனுதாரர்.

"என்னைப் பெத்தவரு சார்."

அவர் மெதுவாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அங்கவஸ்திரத்தில் துடைத்தார். "கீழவிளாகம்னு தெரியும். அதனாலதான் நேம்ஸ் ஹேட் டு பி லெஃப்ட் அவுட்." பெயர்கள் விடப்பட வேண்டியிருந்தது. பிறகு ரொம்ப வருத்தமாகத் தலையை ஆட்டினார். "யூ ஷுட் ஹேவ் பீன் டோல்டு."

உன்னிடம் சொல்லப்பட்டிருக்க வேண்டும் என்று அர்த்தம். யார் சொல்லியிருக்க வேண்டும்? அந்த அறையில் அவரைத் தவிர வேறு யார் இருந்தார்கள்?

"எங்க வீட்டு நிலத்தைப் பிடுங்குற காயிதத்தை என் கையாலேயே அடிக்க வச்சீங்களே சார்," என்றாள் அம்சம். அழுகை வந்துவிட்டது. "வேற டைப்பிஸ்ட்டே கெடைக்கலையா உங்களுக்கு?"

"அம்சம், தொழில்ல இதெல்லாம் பார்க்க முடியாது. அந்தப் பேப்பர் கட்சிக்காரர் ஒப்படைச்சது. அது திருப்பி வைக்கப்பட வேண்டும்."

"கட்சிக்காரர் கைக்கு அதைக் குடுத்ததே எங்கப்பாதான். நம்பிக் குடுத்தாரு. நான் எடுத்துக்கிட்டுப் போறேன் சார்."

"தென் திஸ் வில் ஹேவ் டு பி ரிப்போர்ட்டட்."

"தெரிவிக்கப்பட வேண்டியிருக்கும்! யாரு சார் தெரிவிப்பாங்க? நீங்கதானே? 'நான் உன்மேல திருட்டுப் புகார் குடுப்பேன்'னு என் மூஞ்சியப் பாத்து ஒரு தடவை சொல்லுங்க சார். எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

குஞ்சிதபாதம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். சொல்லவில்லை. நல்ல மனுஷர்தான் என்று ஊரில் பெயர். தீபாவளிக்கு அவளுக்குச் சேலை எடுத்துக் கொடுத்தவர்தான். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வேறு எதையோ சொன்னார்.

"உங்க தம்பி இன்னிக்கு அறுப்பு வச்சுக்கலன்னு நினைக்கிறேன். பந்தோபஸ்து கேட்டு நேத்து சாயங்காலமே லெட்டர் போயாச்சு."

"எதுக்கு பந்தோபஸ்து?"

"பயிர் பாதுகாக்கப்பட வேண்டும் இல்லையா?"

அம்சம் சீட்டை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு ஓடினாள். சாப்பாட்டுத் தூக்கு மேஜை மேலேயே இருந்துவிட்டது.

அடுத்த பஸ் மத்தியானம்தான், அதுவும் லேட். பாலத்தில் மாட்டு வண்டி குடை சாய்ந்து கிடந்ததால் அரை மணி நின்றது. கீழவிளாகம் திருப்பத்தில் இறங்கும்போது மணி மூன்றரை. வாய்க்கால் கரையிலிருந்தே வயல் தெரிந்தது. பாதி அறுபட்டிருந்தது. அறுத்த கதிர் அரி அரியாக அப்படியே கிடந்தது. கட்ட ஆள் இல்லை. வரப்பில் ரெண்டு போலீஸ்காரர்கள் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வெள்ளரிப்பிஞ்சு தின்றுகொண்டிருந்தார்கள். மீதிக் கதிரை, முகம் தெரியாத வெளியூர் ஆட்கள் பத்துப் பேர் அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

பயிர் அறுக்கப்படக் கூடாது என்று போட்டிருந்தது யாருக்கு என்று அம்சத்துக்கு இப்போது தெரிந்துவிட்டது. செல்லதுரை காலையில் கேட்ட கேள்விக்குப் பதில் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது.

ரெங்கம்மாள் வீட்டு வாசலில் தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி எங்கம்மா?"

"வேன்ல ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்கடி. அவனையும் இன்னும் மூணு பேரையும். அடிச்சுத்தான் ஏத்துனானுவோ. மண்டையில ரத்தம் வழிஞ்சுது. நான் கால்ல விழுந்தேன், தள்ளி விட்டுட்டான்." முழங்கை சிராய்த்திருந்தது. "எந்த ஸ்டேஷன்னு கேட்டேன். சொல்லவே இல்ல."

"அப்பா?"

"பெரிய வீட்டுலேருந்து ஆள் வந்து கூட்டிக்கிட்டுப் போச்சு. மத்தியானமே போனாரு."

அம்சம் புறப்படுவதற்குள் மருதையனே வந்துவிட்டார். தலைத்துண்டைக் கையில் பிடித்தபடி வந்தார். வந்தவர் தண்ணீர் கேட்டார். சொம்பை வாங்கும்போது அவருடைய இடது கட்டை விரலில் மை அப்பியிருந்ததை அம்சம் பார்த்தாள்.

"என்னப்பா இது?"

"தம்பி வந்துட்டானா?"

"வரல. விரல்ல என்னப்பா?"

"வந்துடுவான். ஐயா போன் போட்டுச் சொல்றேன்னாரு. இந்நேரம் விட்டிருக்கணுமே." அவர் தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஐயாவே வாசலுக்கு வந்து நின்னாரு ஆயி. 'மருதையா, புள்ளைய கை கால முறிச்சுப் போட்டுடுவானுவோ, ஒரு கைநாட்டு வையி, நான் பாத்துக்கறேன்'னாரு. நெலம் போனாப் போவுது, புள்ள உசிரோட வரட்டும்னு வச்சேன்."

"என்ன எழுதியிருந்துச்சுப்பா அதுல?"

"இங்கிலீசு. படிச்சுச் சொல்லுங்க ஐயான்னு கேட்டேன். 'உன் மவ படிச்சவதானே, அவளைக் கேட்டுக்க'ன்னு சிரிச்சாரு. எனக்கு ஒண்ணும் புரியல. நீ இல்லியே, இருந்திருந்தா படிச்சிருப்ப."

அம்சம் பதிவுச் சீட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். மருதையனுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் அந்த வட்ட முத்திரை தெரியும். மழைக் கறை தெரியும். ரெண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எப்படி ஆயி கெடைச்சுது? யாரு குடுத்தா?"

"யாரும் குடுக்கல. நான் எடுத்தேன். வக்கீல் ஆபீசுலேருந்து நான்தான் எடுத்தேன்."

"ஐயையோ, வேலை?"

"போச்சு. போலீசும் வரலாம்."

"என்ன ஆயி நீ..." அவர் சீட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். சீட்டு வந்துவிட்டது. அது வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கைநாட்டும் போய்விட்டது. ரெண்டில் எது செல்லும் என்று அவரால் சொல்ல முடியவில்லை. எனக்கும்தான் தெரியவில்லை, கோர்ட்டுக்குத் தெரிந்தால் சரி. "இதை வச்சுக்கிட்டு இப்ப என்ன பண்றது?"

"வெள்ளிக்கிழமை கோர்ட்டுக்கு நான் வர்றேன். பயமுறுத்தித்தான் கைநாட்டு வாங்கினாங்கன்னு சொல்லுவோம். இன்னொண்ணும் சொல்லணும்பா. அங்க சொல்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லணும்."

"சொல்லு."

காலையிலிருந்து வராத வார்த்தை அது. "அந்த நோட்டீசு. காலையில படிச்சேன்ல. அதை அடிச்சது நான்தாம்பா."

ரெங்கம்மாள் நிமிர்ந்தாள். "என்னடி சொல்ற?"

"என் மெஷின்ல, என் கையால அடிச்சேன். உங்க பேருன்னு எனக்குத் தெரியாது. பேரு வர்ற எடத்துல வெறும் கோடுதான் போடச் சொன்னாங்க. அப்புறம் அவங்களே பேனாவால எழுதிக்கிட்டாங்க. வெளியேற்றப்படலாம்னு ஒண்ணு வந்துச்சே, அந்த வார்த்தையக்கூட நான்தாம்பா எடுத்துக் குடுத்தேன்."

ரெங்கம்மாள் கையை ஓங்கிவிட்டாள். "பெத்த அப்பன் குடியைக் கெடுக்கவாடி ஒன்னை இருக்கறதை வித்துப் படிக்க வச்சோம்?" என்று கத்தினாள். ஓங்கிய கை விழவில்லை. அதே கையால் தன் தலையில் அடித்துக்கொண்டாள். அடுத்த வீட்டிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

மருதையன் கோபப்படவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அம்சத்துக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் மை அப்பிய விரலைத் துண்டில் தேய்த்தார். போகவில்லை. திரும்பத் தேய்த்தார்.

"கோடு போட்டு விட்டிருக்கும்னா சொன்னே?" என்றார்.

"ஆமாம்பா."

"அந்தக் கோட்டு மேல பேனாவால பேரு எழுதுவாங்களா?"

"ஆமாம்பா. ஏன் கேக்கறீங்க?"

"இன்னிக்கு நான் வச்சேன்ல, அதுவும் டைப் அடிச்சதுதான். நடுவுல ஒரு எடத்துல கோடு மட்டும் இருந்துச்சு. நான் பாத்துக்கிட்டு இருக்கறப்பவே அதுல என் பேரைச் சொல்லிக்கிட்டே எழுதுனாங்க." மருதையன் மகளை நிமிர்ந்து பார்த்தார். "அதுவும் நீ அடிச்சதா ஆயி?"

அம்சம் வாயைத் திறந்தாள். கார்த்திகையும் மார்கழியும் அவள் அடித்த நமூனாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணில் வந்தன. மனு, வக்காலத்து, சம்மதக் கடிதம், விட்டுக்கொடுக்கிற பத்திரம். எல்லாவற்றிலும் கோடு இருந்தது. எதிலும் பேர் இல்லை.

"தெரியலப்பா," என்றாள்.

உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை. ரெண்டு மாசத்தில் எத்தனையோ அடித்திருந்தாள்.